உள்பக்கம் பூசாத தகரம்

என் துருப்பூச்சிக்கு, அப்பா எழுதுகிறேன்.

உன் முதலாண்டு நினைவுக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி மாதா கோயிலில் கேட்டார்கள். அவர்கள் அச்சடிக்கிற பங்கு மலரில் உன் போட்டோவுக்குக் கீழே போடுவார்களாம். மீளாத் துயரில் வாடும் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். யாரோ யாருக்கோ எழுதியது போல இருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, உன்னிடமே பேசிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். வில்பட்டியில் நம் வீட்டுச் சங்கதி யாருக்குத்தான் தெரியாது?

நல்ல சேதி ஒன்றை முதலில் சொல்லத்தான் ஆசை. யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதனால் உள்ளதைச் சொல்கிறேன். ஜீப் அழுகிப்போய்க்கொண்டிருக்கிறது, ஜெனி. நீ செய்த பக்கமும் போய்விட்டது.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். அந்த ஜீப்பை ஆடலூரில் ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து வாங்கி வந்தேன். அப்போது நீ பிறக்கவில்லை. கேரட் மூட்டையும் பீன்ஸ் மூட்டையும் ஏற்றி, ஆட்களை ஏற்றி, அதுதான் நமக்குச் சோறு போட்டது. பிறகு அது படுத்துவிட்டது. நான் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போனேன். ஜீப் வீட்டை ஒட்டிய கொட்டகையில் கிடந்தது. நம் ஊர் மூடுபனி இரும்பை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஐடிஐயில் வெல்டிங் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அம்மா ரோசலி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நர்சு படிப்புக்கு விசாரித்து வைத்திருந்தவள் அவள். நீ கேட்கவில்லை. படித்து முடித்து, பழனியில் முருகேசனின் டிங்கரிங் பட்டறையில் சேர்ந்தாய். நசுங்கிப்போன வண்டிகளை நிமிர்த்துவதும், துரு தின்ற தகரத்தை வெட்டிவிட்டு ஒட்டுப் போடுவதும் உன் வேலை. ஊரில் யாராவது விசாரித்தால் உன் அம்மா, பழனியில் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். டிங்கரிங் என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை.

அப்புறம் ஒருநாள் பையும் வெல்டிங் மெஷினுமாக வந்து இறங்கினாய். ஜீப்பைச் சரிபண்ணாமல் திரும்பமாட்டேன் என்றாய். பெயிண்ட் நன்றாகத்தானே இருக்கிறது, எஞ்சினைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து, டிரைவர் பக்கம் கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் குத்தினாய். சத்தமே இல்லாமல் அது உள்ளே போனது.

“இது தகரம் இல்லப்பா. பெயிண்ட்டு மட்டுந்தான் நிக்கிது.”

அந்த இடத்தை வெட்டி எடுத்தாய். புதுத் தகடு வாங்கி வந்து, மரக்கட்டை மேல் வைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தாய். வைத்துப் பார்ப்பாய், சரிவராது, எடுத்து மறுபடி தட்டுவாய். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே இருந்து தட்டுவாய். சாயங்காலம் புருவமெல்லாம் துருத்தூளோடு சாப்பிட வந்து உட்காருவாய். அதைப் பார்த்துத்தான் துருப்பூச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஒட்டுப் போட்டு, அரத்தால் ராவி முடித்த அன்றைக்கு என் கையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னாய். பழசு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று என் விரலுக்குத் தெரியவில்லை.

அது ஐப்பசி. உன் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்திருந்தது. மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, மூஞ்சிக்கல் கடைவீதிக்குப் போய் வாங்கி வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாய். திரும்பி வரும்போது ரோட்டோரத்துத் தைல மரம் காற்றில் வேரோடு சாய்ந்தது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. உன் பையை என்னிடம் கொடுத்தார்கள். மாத்திரை அட்டை நனையாமல் உள்ளே இருந்தது.

அன்றிலிருந்து உன் அம்மா மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

ஏன் என்று அவள் சொல்லவில்லை. நீ போய்விட்டாய் என்றும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். சாப்பாட்டுத் தட்டில் மாத்திரையை வைத்தால், அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். கெஞ்சினேன். சண்டை போட்டேன். கன்னியர் மடத்துச் சிஸ்டரைக் கூட்டி வந்து பேச வைத்தேன். ஒருநாள் பொடி பண்ணி மோரில் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் கேரட் பாத்தியில் ஊற்றிவிட்டு வந்தாள். போன பங்குனியில் தலைசுற்றி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் ஒன்றுமில்லை என்றாள். நான் என்ன செய்வேன், சொல்.

செய்தது ஒன்றுதான். வேலை இல்லாத நேரமெல்லாம் ஜீப்பிடம் போனேன். உன் மெஷினை வைத்துத் துண்டுத் தகரத்தில் வெல்டிங் பழகிப் பார்த்தேன். ஒட்டுவதற்குப் பதில் ஓட்டைதான் விழுந்தது. அதனால் சுரண்டுவது, துடைப்பது, நீ செய்த பக்கத்துக்குப் பெயிண்ட் அடிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு போவாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவள் திரும்பி வரும்போது நான் ஜீப்பின் கீழே படுத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கால்மாட்டில் வந்து நின்று சொன்னாள்: “இந்த வண்டிய வித்துருங்க. இல்லாட்டி என்னைய எங்கண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்ருங்க. ரெண்டுல ஒண்ணச் செய்ங்க.”

இரண்டையும் செய்யவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து வெளியேகூட வரவில்லை. அவள் கால்கள் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆடிக் காற்றோடு சாரல் ஆரம்பித்தபோதுதான் பார்த்தேன். நீ செய்த தகரத்தின் அடிப்பக்கம், மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். அழுத்தினேன். பழுப்பாகத் தண்ணீர் வந்தது. தேய்த்து, பட்டிப் பசை வைத்து, பெயிண்ட் அடித்தேன். பக்கத்தில் இன்னொன்று வந்தது. அதையும் அடைத்தேன். கொஞ்ச நாளில் ஒட்டுப் போட்ட கோடு முழுக்க, நீ அத்தனை பாடுபட்டு ராவி மறைத்த கோடு, அம்மைத் தழும்பு மாதிரி மேலே எழும்பிவிட்டது. ஈரம் போகட்டும் என்று நாம் குளிர் காய்கிற கரிச்சட்டியைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். தார்ப்பாய் மேல் தார்ப்பாய் போட்டேன். கிரீஸைப் பூசினேன். மாதாவிடம்கூடக் கேட்டேன். இந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவிடு, மற்றதெல்லாம் போகட்டும் என்று.

உன்னுடையது என்று வேறென்ன இருக்கிறது எனக்கு? உன் துணிமணியை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். போட்டோவில் பவுடர் போட்டுக்கொண்டு சிரிக்கிற பெண்ணை எனக்குச் சரியாக அடையாளம் தெரியவில்லை. அந்தத் தகரத்தைத் தொட்டால் மட்டும்தான் நீ இருந்தாய். அதுவும் என் கண் முன்னால் பொடிந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை உன்னை இழக்கிற மாதிரி இருந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும். அப்படித்தான் இருந்தது.

கடைசியில் முருகேசனுக்குப் போன் செய்தேன். மறுநாளே சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலையேறி வந்தான். உன் அம்மாவுக்கு ஆயக்குடி கொய்யா ஒரு பை கொண்டுவந்திருந்தான். அவள் வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் தகரத்தைத் தட்டிப் பார்த்தான். கீழே படுத்துப் பார்த்தான். உள்பக்கத் தகரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான்.

“அண்ணே, புள்ள போட்ட ஒட்டுல கொறை ஒண்ணும் இல்ல. வெல்டிங் சூட்டுல பூச்சு கருகி பின்பக்கம் வெறும் இரும்பா ஆயிரும். அந்த எடத்துல உள்பக்கமாத் திரும்பப் பூசணும். அதுக்குள்ளதான்...”

அவன் முடிக்கவில்லை. எனக்குப் புரிந்தது. உள்ளே மெழுகும் எண்ணெயும் கலந்து அடிக்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அது அடுத்த வாரத்து வேலையாக இருந்தது. உனக்கு அடுத்த வாரம் வரவில்லை.

வெளியே மட்டும் பட்டி பார்த்துக் காப்பாற்ற முடியாதா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று அவனிடம் விசாரித்தால் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“பட்டி பாத்துக் குடுக்கலாம்ணே. வெளிய பளபளன்னு இருக்கும். உள்ள தின்னுக்கிட்டேதான் கெடக்கும். பக்கத்துல இருக்கிற தகரத்தையும் சேத்துத் தின்னுரும். வெட்டித்தான் எடுக்கணும். நீங்க சொல்லாம நான் கை வைக்கமாட்டேன்.”

உருளைக்கிழங்குக் காட்டுப் பக்கம் இறங்கிப் போய் கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேலையாக இந்தப் பக்கம் என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன். திரும்பி வந்து, வெட்டிவிடலாம், ஆனால் நானே வெட்டுகிறேன் என்றேன். முருகேசன் மறுக்கவில்லை. வேலை செய்யும்போது நீ போடுகிற கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டிவிட்டான். அதன் பட்டையை நீ உன் தலைக்கு வைத்திருந்த அளவு எனக்கு இறுக்கமாக இருந்தது.

கிரைண்டரை ஓட்டினேன். அந்தச் சத்தம் நம் வீட்டில் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பொறி பறந்தது. மேல்பக்கம் வெட்டி, இரண்டு ஓரமும் வெட்டி, அடிப்பக்கத்துக்கு வந்தபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் கோதுமை மாவு. ஜெனி, அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த ஒரு நொடி அந்த முகத்தில் சந்தோசம் இருந்தது. யார் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்து அவள் ஓடி வந்தாள் என்பது எனக்குத் தெரியும். பிறகு கண்ணாடிக்குள் இருப்பது நான் என்று கண்டாள். நான் எதை வெட்டுகிறேன் என்றும் கண்டாள்.

சத்தத்தை நிறுத்தினேன். தகரம் அடியில் ஒரு நூல் பிடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியை விற்கச் சொன்ன அதே ரோசலி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க. இது அவ செஞ்சது. இதையும் எடுத்துட்டீங்கன்னா நான் எங்க போவேன்?”

வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அவள் இழுத்த வேகத்தில் தகரம் பிய்ந்து கையோடு வந்தது. உள்ளங்கை குறுக்காகக் கிழிந்துவிட்டது. மாவும் ரத்தமுமாக அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். முருகேசன்தான் மெல்ல வாங்கிக் கீழே வைத்தான். துண்டைச் சுற்றி, அவன் வேனிலேயே ஏற்றி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அந்த மரம் இருந்த இடத்தைத் தாண்டினோம். இரண்டு பேரும் வெளியே பார்க்கவில்லை.

கையைத் தைத்தார்கள். ஊசி போட்டார்கள். நர்சுக்கு உன் வயதுதான் இருக்கும். கடைசியாகப் பிரஷர் பார்த்தாள். பார்த்துவிட்டு, மறுபடி பார்த்தாள். டாக்டரைக் கூட்டி வந்து மறுபடியும் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நர்சு கேட்டாள். இல்லை என்றாள் உன் அம்மா. ஏன், தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்டாள்.

“எம்மக வாங்கப் போனா. வாங்கிட்டு வர்ற வழியில மரம் விழுந்து செத்துப்போனா. அதுலருந்து திங்கல.”

இத்தனை நாளில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம், மாத்திரை தீர்ந்த கணக்கைச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உங்கள் மகள் என்னம்மா பண்ணிக்கொண்டிருந்தாள் என்று மெதுவாகக் கேட்டாள். கம்பெனி வேலை என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

“டிங்கரிங். வண்டித் தகரத்துக்கு ஒட்டுப் போடுவா. இந்தக் கை கிழிஞ்சது அவ செஞ்ச தகரத்துலதான்.”

கட்டுப்போட்ட கையை நீட்டிக் காட்டினாள். நர்சு ஒரு வார்த்தைகூடப் புத்தி சொல்லவில்லை. மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து, பக்கத்திலேயே நின்றாள். உன் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். விழுங்கினாள். அதன்பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள் பார், இதுவரை அப்படி அழுததில்லை. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முருகேசன் டீக்கடைப் பக்கம் போய்விட்டான். நான் அவளுடைய தைக்காத கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இன்னும் கொஞ்சநாள் இப்படியே விட்டிருந்தால் கை கால் ஒரு பக்கம் விழுந்திருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

முருகேசன் பட்டறையை மூடிப்போட்டுவிட்டு நம் வீட்டிலேயே தங்கி, அந்தப் பக்கத்துக்குப் புதுத் தகடு வைத்துக் கொடுத்தான். உள்தகரத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு, ஒட்டின் பின்பக்கம் முழுக்க நீ சொன்ன மெழுகையும் எண்ணெயையும் என் கையாலேயே பூசினேன். கை நுழையாத மூலைக்குத் துணியைச் சுற்றிக் குச்சியால் பூசினேன். அப்புறம்தான் மூடவிட்டேன். உன் அம்மா கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று பார்த்தாள். வண்டியை விற்கச் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு நல்ல சேதியாக எழுதியிருப்பேன். போவதற்கு முன்னால் முருகேசன் ஜீப்பின் தரையில் விரித்திருந்த ரப்பரைத் தூக்கிக் குத்திப் பார்த்தான். தரைத் தகரமும் போயிருக்கிறது. அதைத் தாங்கி நிற்கிற குறுக்குச் சட்டங்களும் அரித்திருக்கின்றன. இவ்வளவையும் மாற்றினாலும் வண்டி ரோட்டுக்கு வருமா என்று சொல்ல முடியாது என்றான். மறுபடி ஐப்பசி வந்துவிட்டது. காலையில் கொட்டகைக்குள் மூடுபனி ஆள் மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை என்னால் வெளியே துரத்த முடியவில்லை.

வெட்டிய துண்டு சுவரில் சாத்தியே இருக்கிறது. பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குள் கொண்டுவர உன் அம்மாவுக்குத் தைரியம் இல்லை. அவள் அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்தியிருக்கிறாள். அது உள்ளுக்குள் பொடிந்துகொண்டேதான் இருக்கும். அதை என்ன செய்யட்டும், ஜெனி? நீயாக இருந்தால் ஒரு நிமிசம்கூட யோசிக்காமல் தூக்கி எறிந்திருப்பாய், இல்லையா?

உன் அம்மா மாத்திரை சாப்பிடுகிறாள். ஆனால் எல்லா நாளும் இல்லை. முந்தாநாள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, எதுக்கு நான் இதைத் திங்கணும், சொல்லுங்க என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிசமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்காக என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை வருசம் கூடவே இருந்தும் அந்த வார்த்தையை நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. நாக்கு எழவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நேற்று சொன்னேன். எனக்காகச் சாப்பிடு என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். தையல் பிரித்த வடு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அந்தக் கையில்தான் மாத்திரையை வைத்தேன்.

ஜீப் ஓடும் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். எனக்கே நம்பிக்கை இல்லை. தரைத் தகரத்தை வெட்டத் தொடங்குவேன், அவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் எழுதித் தருகிறேன், ஊர் படிக்கட்டும். விடிந்து உன் அம்மா அடுப்படிக்கு வரும்போது தண்ணீர்ச் செம்போடு நான் அங்கே நிற்பேன். வைதாலும் நிற்பேன். ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்கிற ஒவ்வொரு நாளும், நாக்கு எழாவிட்டாலும் சொல்வேன். அவளையும் பறிகொடுத்துவிட்டு உன் முன்னால் வந்து நிற்க என்னால் ஆகாது, மகளே.

ஊர் இன்றைக்கும் ‘ஜெனி அப்பா’ என்றே கூப்பிடுகிற,
உன் அப்பா
அந்தோணி